சந்திர சூரியர் உள்ளவரை வாரண்டி

ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனால் கடைக்காரர் என்ன சொல்லுவார்? "மூணு வருஷம் வாரண்டி சார்." நாலாவது வருஷம் செத்துப்போனால்? "புதுசு வாங்கிக்கலாம் சார்." உள்ளே இருந்த கல்யாண போட்டோ? அந்தக் கேள்விக்கு அவர் தலைக்கு மேலே ஓடும் ஃபேனைப் பார்ப்பார்.

நம் பழைய ராஜாக்கள் வாரண்டி விஷயத்தில் தாராளப் பிரபுக்கள். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்துவிடுவார்கள். பாலைக் கற, நெய்யை எடு, விளக்கை எரி. கல்வெட்டில் இந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத ஆடு! பயப்படாதீர்கள், ஆட்டுக்கு யாரும் காயகல்பம் கொடுக்கவில்லை. செத்த ஆட்டின் இடத்தில் குட்டி கணக்கேறிவிடும், எண்ணிக்கை மட்டும் 96-ஐ விட்டு இறங்கக் கூடாது. ஆட்டோ ரினியூவல். மேய்க்கிறவன் மட்டும் சாவான், மூப்பான்.

அதோடு விட்டார்களா? கடைசியில் 'சந்திராதித்தவல்' என்று முத்திரை. சந்திரனும் சூரியனும் இருக்கிறவரை இந்த ஏற்பாடு செல்லும். நடுவில் எவனாவது கை வைத்தால் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வந்து சேரும். காப்பாற்றினால் அவர் பாதம் என் தலைமேல். மிரட்டலும் கெஞ்சலும் ஒரே டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸில்! இந்தக் காலத்துக் கம்பெனிகள் மிரட்டலை வைத்துக்கொண்டு கெஞ்சலை மட்டும் டெலீட் செய்துவிட்டன.

சரி, சந்திரன் இருக்கிறது. சூரியன், புதுக்கோட்டைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், தேவைக்கு மேலேயே இருக்கிறது. விளக்கு எங்கே? அந்த 96 ஆடு எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், பாறைக்கு வராது. பாறையைப் பார்த்தால் நம் ஆளுக்குக் கை சும்மா இருக்குமா? சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்றொரு குகை. சமண முனிவர்கள் தவமிருந்த இடம். வழவழவென்று செதுக்கிய கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. உலகத்தையே துறந்தவர்கள் படுத்த இடம். ஆனால் படுக்கையின் ஓரத்தைப் பாருங்கள். இன்னார் இன்ன ஊரில் பிறந்தவர், அவருக்கு இந்த இருக்கையைச் செய்து கொடுத்தவர் இன்னார் என்று தமிழி எழுத்தில் முழு விவரம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரிசர்வேஷன் சார்ட்! பின்னால் வந்த நூற்றாண்டுகளிலும் மற்றப் படுக்கைகளில் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்திருக்கின்றன. முனிவர்களைக் குறை சொல்லாதீர்கள். வெட்டச் சொன்னவர் அநேகமாகப் படுக்கையை உபயம் செய்த புண்ணியவானாக இருப்பார். படுத்தவர் எல்லாவற்றையும் துறந்தார், கட்டில் போட்டவர் விளம்பரத்தைத் துறக்கவில்லை.

பெயர் போடுவதில் இத்தனை அக்கறையுள்ள சீமையில், போட்டே தீரவேண்டிய ஓர் இடத்தில் ஒருவர் பெயரை விட்டுவிட்டார். அதுவும் சாதாரண ஆள் இல்லை. ராஜா.

இடம் குடுமியான்மலை. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள். ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். கோயிலுக்கு நிலம் கொடுத்தேன், விளக்குக்கு ஆடு கொடுத்தேன் என்கிற வழக்கமான சங்கதி இல்லை. சங்கீதம்! ஏழு பிரிவு, ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக ஸ்வரங்கள். பாட்டு கிளாஸுக்குப் போகும் பிள்ளை நோட்டுப் புத்தகத்தை ஆட்டோவில் விட்டுவிட்டு வரும் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும், மனுஷன் மலையையே நோட்டாக்கிவிட்டார். முடிவில் கையெழுத்து போல ஒரு வாசகம்: ருத்ராசாரியாரின் சீடரும் பரம மாகேஸ்வரருமான ராஜா, மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது.

எந்த ராஜா? அதுதான் இல்லை. வாத்தியார் பெயர் இருக்கிறது, தகுதி இருக்கிறது, நோக்கம் இருக்கிறது. 'ஆதர்' என்ற கட்டம் மட்டும் காலி.

ரொம்ப நாள் வரைக்கும் இது மகேந்திரவர்ம பல்லவனுடையதுதான் என்று பலரும் எழுதிவந்தார்கள். அவருக்குச் சங்கீதத்தில் பிரியம், 'சங்கீர்ணஜாதி' என்றொரு பட்டம்கூட உண்டு. ஆனால் இந்த மகேந்திரவர்மர் எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமா? விசித்திரசித்தன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி என்று பட்டம் பட்டமாகச் சூட்டிக்கொண்டு, தூணிலெல்லாம் அவற்றை வெட்டிவைத்தவர். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் பிரஸ் ரிலீஸே கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் 38 வரி எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறந்தாராம். தினம் நாலு செல்ஃபி போடுகிற ஆள் தன் கல்யாணத்தன்று போனைத் தொடவேயில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ஆய்வாளர்களிலும் ஒரு கட்சி நம்பவில்லை.

போகட்டும், ஆள் யாராக இருந்தால் என்ன, பாட்டு வந்தால் சரி என்கிறீர்களா? அங்கேதான் கூத்து. 1904-ல் கல்வெட்டுத் துறையின் கிருஷ்ண சாஸ்திரி இதைக் கண்டுபிடித்தார். பி.ஆர்.பண்டார்கர் பதிப்பித்து 'எபிகிராஃபியா இண்டிகா'வில் வெளியிட்டார். எழுத்தில் சிக்கல் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வருகிறது, ர, ரி, ரு, ரெ என்பது மாதிரி. சிலவற்றின் தலையில் ஒரு புள்ளி. புள்ளி எதற்கு? நீட்டவா, நிறுத்தவா, தந்தியை வேறு விதமாக மீட்டவா? ஆளுக்கொரு பதில். அடியில் தமிழில் ஒரு குறிப்பு: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவையாம். என்ன எட்டு, என்ன ஏழு? வீணைத் தந்தியின் எண்ணிக்கையா? அதற்கும் ஆளுக்கொரு பதில். ஆக, ஃபைல் பத்திரமாக இருக்கிறது. ஓப்பனும் ஆகிறது. சத்தம்தான் வரவில்லை. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே பிளேயர் ருத்ராசாரியார். அவரைக் கல்லில் ஏற்ற முடியவில்லை.

திருமயத்தில் இந்தக் கவலைக்கே இடம் வைக்கவில்லை. அங்கேயும் குடைவரைச் சுவரில் இதே ரகத்தில் ஒரு சங்கீதக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கொத்திவிட்டு, அதே இடத்தில் வேறொரு சாசனத்தை வெட்டிவிட்டார். ஓவர்ரைட்! 'பரிவாதினி' என்ற வீணையின் பெயர் போல ஒன்றிரண்டு துணுக்குகள்தான் தப்பின. சுற்றிலும் இத்தனை பெரிய குன்று, கண்ணுக்கெட்டிய தூரம் வெற்றுப் பாறை. இருந்தும் எழுதியிருந்த இடத்தில்தான் எழுதுவேன் என்று ஒரு பிடிவாதம். பழைய கல்யாண கேசட்டில் கிரிக்கெட் மேட்ச் ரெக்கார்ட் செய்த மாமாக்கள் எந்தப் பரம்பரையில் வந்தவர்கள் என்று இப்போது தெரிகிறதா?

திருமயத்தில் சிவனும் பெருமாளும் ஒரே குன்றில் அக்கம்பக்கத்துக் குடித்தனம். சாமிகளுக்குள் சண்டையில்லை, ஆசாமிகளுக்குள்தான். வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்ற வழக்கு முற்றி, கடைசியில் 1245-ல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில்தான் தீர்ந்தது. கர்நாடகத்திலிருந்து ஒரு தண்டநாயகர் வந்து பாகப்பிரிவினை செய்துவைக்கிறார், தீர்ப்பு சுடச்சுடக் கல்லில் ஏறுகிறது. சங்கீதம் போனாலும் சொத்துத் தகராறு நிலைத்துவிட்டது பாருங்கள்.

எல்லாரும் இப்படியா என்றால் இல்லை. செம்பியன் மாதேவி என்ற மகராசி இருந்தார். கண்டராதித்த சோழரின் மனைவி. செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றுவது அந்த அம்மாவின் முழுநேர வேலை. திருக்கோடிக்காவலில் இடித்துக் கட்டும்போது, அங்குமிங்கும் கிடந்த கற்களில் இருந்த பழைய சாசனங்களைத் தேடிப் படித்து, புதுச் சுவரில் மறுபடி வெட்டச் சொன்னார். அதுவும் எப்படி? இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு! பத்தாம் நூற்றாண்டில் டேட்டா மைக்ரேஷன், சோர்ஸ் குறிப்போடு. இந்தக் காலத்தில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு இந்த மரியாதை உண்டா?

அப்புறம் ஓர் ஒன்பது நூற்றாண்டைத் தாண்டுங்கள். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, நிறைய பேர் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். சுற்றிலும் பிரிட்டிஷ் மதராஸ் மாகாணம், நடுவில் சொந்த திவான், சொந்தக் காசு, சொந்த அச்சகம் என்று ஒரு குட்டி ராஜ்ஜியம். பணம் கொஞ்சம், பெருமை நிறைய. அந்தப் பெருமைக்குத் தீனி போட சமஸ்தானத்துக் கல்வெட்டுகளையெல்லாம் காகிதத்தில் ஏற்றுவது என்று முடிவானது.

கல்வெட்டைக் காகிதத்தில் ஏற்றுகிற அந்தக் காலத்து ஸ்கேனிங்குக்கு மைப்படி எடுப்பது என்று பெயர். பார்த்திருக்கிறீர்களா? முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, வௌவால் எச்சம், யாரோ தடவிய விபூதி எல்லாம் போகவேண்டும். அப்புறம் நனைத்த தாளை எழுத்தின்மேல் ஒட்டி, அடர்த்தியான பிரஷ்ஷால் தட்டு தட்டென்று தட்டவேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். பலமாகத் தட்டினால் கிழியும், மெதுவாகத் தட்டினால் பதியாது. பாதி காய்ந்த பதத்தில் மை ஒற்றியை எடுத்து மேலே மேலே ஒற்றினால் தாள் கறுப்பாகும், பள்ளத்தில் உள்ள எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்தால் ஒரு முழு மன்னர் கையோடு வந்துவிடுவார். இதற்குள் பலத்த காற்று வந்தால் மன்னர் பறந்தும் போவார். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார், அவருக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: "புதையல் எந்தப் பக்கம்னு போட்டிருக்கு சார்?"

1929-ல் புத்தகம் வந்தது. சமஸ்தானத்தின் கல்வெட்டுகள் 1,130, வம்சவாரியாக. வாழ்ந்த காலத்தில் ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்திக்கொண்ட சோழரும் பாண்டியரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். இத்தனை ஆயிரம் வருஷ வரலாற்றைத் தொகுத்த அந்த நேரத்தில் சிம்மாசனத்தில் இருந்த மாமன்னர் யார்? ராஜகோபாலத் தொண்டைமான். வயது ஏழு.

பிறகு கே.ஆர்.சீனிவாச ஐயர் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். 1941-ல் முதல் பகுதி, 1946-ல் மிச்சம். ஆனந்தமாக மூடிவைத்து நிமிர்ந்தால், 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவுக்குள் கரைந்துவிட்டது. தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சரியாக எழுதிவைத்துவிட்டு ஒரு ராஜ்ஜியம் லாக் அவுட் ஆனது. மறுபடி தனி மாவட்டமாக லாகின் ஆக 1974 பொங்கல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தர்பார் ஃபைல்கள் மிச்சம் நின்றன. இனாம் கணக்கு, மானியக் கணக்கு, யாருக்கு முதல் மரியாதை என்கிற சச்சரவு, எல்லாம் கட்டுக்கட்டாக. இவற்றையெல்லாம் எதிர்காலம் வியந்து படிக்கும் என்று எத்தனை குமாஸ்தாக்கள் நினைத்தார்களோ. எதிர்காலம் வரத்தான் செய்தது, அமெரிக்காவிலிருந்து. நிக்கோலஸ் டர்க்ஸ் என்ற ஆய்வாளர் புதுக்கோட்டை ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தூசி தட்டிப் படித்து, 1987-ல் கேம்பிரிட்ஜ் வெளியீடாகப் பெரிய புத்தகம் போட்டார். தலைப்பு 'தி ஹாலோ கிரவுன்'. தமிழில் சொன்னால் உள்ளே ஒன்றுமில்லாத கிரீடம்.

கிரீடம் என்றதும் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஞாபகம் வருகிறார். வராமல் எப்படி? பத்து வயதில் பட்டத்துக்கு வந்தவர். குதிரைப் பந்தயப் பிரியர், வெளிநாட்டுப் பிரியர். 1915-ல் ஆஸ்திரேலியா போன இடத்தில் மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைப் பார்த்தார். அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, மோலிக்கு இருபது. அதே வருஷம் ஆகஸ்ட் 10, மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மேளம் இல்லை, பந்தல் இல்லை, சமஸ்தானத்தில் யாருக்கும் பந்தியில் இடமும் இல்லை.

புதுமணத் தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் துரைமார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'ஹெர் ஹைனஸ்' பட்டமா? மூச். அரண்மனையில் மோலிக்கு அரளி விஷம் வைக்கப் பார்த்தார்கள் என்றும் பேச்சு எழுந்தது. சில மாதத்தில் இருவரும் கப்பலேறிவிட்டார்கள். சிட்னியில் மகன் பிறந்தான், பெயரிலேயே 'சிட்னி' வைத்தார்கள். பிறகு லண்டன், பிரான்ஸ் என்று ஜாகை. 1928-ல் ராஜா பாரிஸில் காலமானபோது உடலைக்கூட ஊருக்குக் கொண்டுவர விடவில்லை, லண்டனில் தகனம்.

இந்தக் கதையை நம் ஊரில் இருந்தபடி முழு விவரத்தோடு படிக்க வேண்டுமா? சமஸ்தானத்து அதிகாரபூர்வப் புத்தகங்களைத் தொடாதீர்கள், அவற்றுக்கு இந்த விஷயத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து 'ட்ரோவ்' என்ற தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அங்கே நம் ராஜா குதிரை ஓட்டுகிறார், டிரஸ் போடுகிறார், விருந்துக்குப் போகிறார். பத்திரிகைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. ஒரே நிபந்தனை, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் போல 'புதுகோட்டா' என்று ஒரு 'க்'கை விழுங்கிவிட்டுத் தேட வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. பழைய அச்சை மெஷின் தப்பும் தவறுமாகப் படித்துவைக்கும். அந்த வரிகளை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து திருத்தலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆக, ஆஸ்திரேலியாவில் எங்கோ ஒருவர் சாயங்கால டீயைக் குடித்துக்கொண்டே, நம் தொண்டைமான் வீட்டு விவகாரத்தில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருக்கக் கூடும். சம்பளம் இல்லை, சொந்தம் இல்லை. வம்பு என்றால் மனித குலத்துக்கு எப்போதும் ஒரே நாடு.

நம் பக்கத்திலும் ஒரு பலே ஆசாமி இருந்தார். மாவட்ட எல்லையைத் தாண்டினால் செட்டிநாட்டுக் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா செட்டியார். புத்தகம் சேர்த்தார், பத்திரிகை சேர்த்தார், அதோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று பார்த்ததையெல்லாம் சேர்த்தார். கல்யாணம் முடிந்த மறுநாள் அழைப்பிதழை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று அக்கம்பக்கத்தில் கேட்காமலா இருந்திருப்பார்கள்? 1992-ல் அவர் காலமானார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கியது. கடல் கடந்து போய்விடும் என்று பார்த்தால், சென்னையிலேயே நூலகமாக வைத்து மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். நாடக நோட்டீஸுக்குச் சிகாகோ மரியாதை!

மைக்ரோஃபிலிமுக்கு எவ்வளவு வாரண்டி? ஒழுங்காக வைத்தால் 500 வருஷம் என்பது அதன் தரக் கணக்கு. சந்திராதித்தவலை விடக் கம்மிதான், இருந்தாலும் பரவாயில்லை. ஃபிலிம் என்னவோ ஜம்மென்று இருக்கும். அதைப் போட்டுப் பார்க்கிற மெஷின்தான் அதற்குள் மியூசியத்துக்குப் போய்விட்டது. இப்போது அந்த ஃபிலிமையே ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது. ருத்ராசாரியார் எங்கிருந்தாலும் சிரிப்பார்.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதி உருவாக்கிய 'ஞானாலயா'வும் இதே பைத்தியத்தின் இன்னொரு கிளைதான். ஒரு லட்சம் புத்தகத்துக்கு மேல், அதிலும் முதல் பதிப்புகளாகத் தேடித் தேடி. மற்றவர்கள் ரியல் எஸ்டேட்டில் போட்ட காசை இவர்கள் ராப்பரில் போட்டார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டும் அல்லவா? தொண்ணூறுகளில் தமிழில் டைப் அடித்த ஃபைல் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? திறந்து பாருங்கள். ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் கொம்பு, அடியில் வால், நடுவில் டாலர் குறி. பாமினி ஒரு பக்கம், டிஸ்கி ஒரு பக்கம், டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு. குடுமியான்மலைக்காரருக்காவது புள்ளி மட்டும்தான் பிரச்சினை. நாம் பத்தே வருஷத்தில் நம் கடிதத்தையே நம்மால் படிக்க முடியாதபடி செய்துகொண்டோம். 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான் அரசாங்கம் யூனிகோடு என்று ஆணை போட்டு ஊரைச் சமாதானப்படுத்தியது.

அடுத்து வந்தது ஓ.சி.ஆர். ஸ்கேன் செய்த பக்கத்தை மெஷினே படித்து எழுத்தாக்கும். கோடிக்கணக்கில் கொட்டிப் பழக்கிய மெஷின். பழைய அச்சில் அது எங்கே தடுக்கி விழுகிறது தெரியுமா? 'ர'வையும் காலையும் குழப்பிக்கொள்கிறது. மங்கலான பக்கத்தில் புள்ளியைக் கோட்டை விடுகிறது. குறில் கொம்பையும் நெடில் கொம்பையும் மாற்றி வைக்கிறது. பனையோலையில் எழுத்தாணி பிடித்தவர்களும் இதையேதான் செய்தார்கள்! அவர்கள் புள்ளி வைப்பதில்லை, வைத்தால் ஓலை கிழியும். 'ர'வுக்கும் காலுக்கும் ஒரே கோடு. எகர ஏகார வித்தியாசம் படிக்கிறவர் சாமர்த்தியம். இதையெல்லாம் பிரித்துப் படித்தே உ.வே.சாமிநாதையரின் கண் தேய்ந்தது. இருநூறு வருஷ முன்னேற்றத்துக்குப் பிறகு மெஷின் வந்து நின்றிருப்பது ஏட்டுப் பிழைக்காரர் விட்டுப்போன அதே பெஞ்சில்.

பனையோலையில் பிழை வந்தால் ஒரு பாட்டுதான் கெடும். நிலத்தில் பிழை வந்தால்? கிராமத்தில் போய் 'யு.டி.ஆர்.' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், திண்ணையே எழுந்து நிற்கும். 1979-லிருந்து 1987 வரை நடந்த நில ஆவண மேம்பாட்டுத் திட்டம். அப்போது கணக்கில் மாறி ஏறிய பெயர்தான் பின்னால் கம்ப்யூட்டரிலும் மாறாமல் ஏறியது. கையால் செய்த தப்பை அடித்துத் திருத்தலாம். கம்ப்யூட்டரில் ஏறிய தப்புக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. எந்த இ-சேவை மையத்தில் வேண்டுமானாலும் இந்த உரையாடலை நீங்கள் கேட்கலாம்:

"ஏத்தா, எம்பேரு கருப்பாயி. இதுல யாரு கருப்பையா?"

"சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு அப்பத்தா."

"எம்பேரு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் அப்பத்தா. சிஸ்டத்துக்குத் தெரியலையே."

"அப்ப அந்தக் கருப்பையா வந்து நின்னா நெலத்தைக் குடுத்துருவீகளோ?"

அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அவருக்கும் ஆதார் வேணும் அப்பத்தா."

இல்லாத கருப்பையாவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. பிறக்காமலே மூணு ஏக்கர் புஞ்சைக்குச் சொந்தக்காரர், வரி பாக்கியும் அவர் பேரில்தான்.

சித்தன்னவாசலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஏழடிப்பட்டத்துக்கு இந்தப் பக்கம் அறிவர் கோயில், ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். முன்னால் நிற்கும் தூண் மண்டபம் சமஸ்தானத்தின் கடைசிக் காலத்தில் நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் துரையின் யோசனை, தூண்களைக் குடுமியான்மலையிலிருந்து பெயர்த்து வந்தார்கள். உள்ளே ஓவியத்தைக் கூரையில் தேடித் தேடித்தான் பார்க்கவேண்டும். நம் ஜனங்களின் கைங்கரியத்தைத் தேட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பழைய சுவர் எதுவானாலும் பாருங்கள், கூரான கல்லை எடுத்து ஒரு தம்பி பொறுமையாக வெட்டியிருப்பான். அவன் பெயர், ஒரு இதயம், அம்பு, அந்தப் பெண்ணின் பெயர், ஊர், தேதி. சில இடத்தில் செல் நம்பர்.

குடுமியான்மலை ராஜா விட்ட கட்டத்தையெல்லாம் தம்பி நிரப்பிவிட்டான். ஆயிரம் வருஷம் கழித்து இதை மைப்படி எடுக்க வருகிற ஆராய்ச்சியாளருக்கு, ஆக்கியோன் யார் என்று கட்சி கட்டிச் சண்டை போடவேண்டிய அவசியமே இருக்காது. சந்தேகம் வந்தால் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.